மனம் போலவா வாழ்வு?

வ.உ. சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழர் என்று நாடு அறியும்; கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் என்றும் அறியும். தன்முன்னேற்ற நூல் என்று இன்று நாம் அழைக்கின்ற நூல்வகையைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1903இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றை, அரச நிந்தனைக் குற்றத்திற்காகத் தாம் சிறையிலிருந்த காலத்தில் வ.உ.சி. தமிழாக்கினார். 'மனம் போல வாழ்வு' என்று அதற்குப் பெயரிட்டார். நூற்பட்டியல்கள் அதற்கு 1909ஆம் ஆண்டைக் குறிக்கின்றன. பின்னர் அதே ஆசிரியரைத் தழுவி 'அகமே புறம்' 1914இலும், 'வலிமைக்கு மார்க்கம்' 1916இலும், 'சாந்திக்கு மார்க்கம்' 1934இலும் வெளிவந்தன. ஓர் அயல்நாட்டு எழுத்தாளரைச் சிறையிலும் வறுமையிலும் முதுமையிலுமாக 25 ஆண்டுகள் விடாது பற்றியிருந்தார் அவர். அந்தப் பற்றுக்குக் காரணம் என்ன என்பதே நம் ஆய்வுக்குரிய வினா.

இவ்வினா வெறும் இலக்கிய ஆர்வத்தால் எழுந்ததன்று. புத்தகக் கடைகளில் தன்முன்னேற்ற நூல்களுக்கென்று தனித் தட்டுகள் உள்ளன. நூறு பெயர்களில் அவை வந்தாலும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் அடிநாதம் ஒன்றே: உறுதியாக நினை, நினைத்தது கைகூடும். முதல் அடியை எடுத்து வைக்கத் தயங்கி நிற்கும் இளைஞருக்கு இச்சொல் நல்ல ஊன்றுகோல்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பங்குப் பணியிலிருப்போர் வேறொரு காட்சியையும் காண்கின்றனர். அரசுப் பணித் தேர்வில் மூன்றாம் முறையும் தவறிய இளைஞர் வந்து அமர்கிறார். "எனக்கு நம்பிக்கை போதவில்லை சாமி, முழு மனத்தோடு நினைத்திருந்தால் கிடைத்திருக்கும்" என்கிறார். பணியிடங்கள் சில நூறு, எழுதியவர்களோ பல இலட்சம் என்ற எளிய கணக்கு அவர் பேச்சில் தலைகாட்டுவதே இல்லை. எழுந்து நடக்கத் தூண்டிய நூலே, அவர் இடறி விழுந்தபின் எழவொட்டாமல் அழுத்தும் பாரமாகிவிடுகிறது. பழுது நூலில் உள்ளதா, படிக்கும் முறையில் உள்ளதா? ஊற்றுக்கண் வரை சென்று பார்த்தாலன்றி இதற்கு விடை கிடைக்காது.

ஊற்றுக்கண்ணாகிய ஆலன் 1864இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். அவர் சிறுவராக இருந்தபோதே, பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே கொலையுண்டார். பதினைந்தாம் வயதில் ஆலன் பள்ளியை விட்டுக் குடும்பத்தைத் தாங்க வேலைக்குச் சென்றார். பின்னாளில் அலுவலகப் பணியைத் துறந்து, இல்ஃபிரகோம் என்னும் கடற்கரை ஊரில் எளிமையாக வாழ்ந்து எழுதினார். 1912இல் 47 வயதில் இறந்தார். நாம் ஆராயும் நூலில் ஏழு இயல்கள் உள்ளன. எண்ணமும் குணமும், எண்ணம் சூழ்நிலைமேல் செலுத்தும் ஆற்றல், உடல்மேல் செலுத்தும் ஆற்றல், எண்ணமும் நோக்கமும், சாதனையில் எண்ணத்தின் பங்கு, கனவும் இலட்சியமும், இறுதியாக அமைதி என்று அவை நிரல்படச் செல்கின்றன. இரண்டு மாலைப் பொழுதுகளில் படித்து முடிக்கக்கூடிய அளவே. ஏழும் ஒரே தரத்தன அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆங்கிலத் தலைப்பு விவிலியத்திலிருந்து எடுக்கப்பட்டது. நீதிமொழிகள் நூலின் 23ஆம் அதிகாரத்தில் ஒரு தொடருக்குப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு தந்த வடிவமே அது: மனிதன் தன் உள்ளத்தில் எண்ணுவது எப்படியோ அப்படியே அவன் இருக்கிறான் என்பது அதன் கருத்து. ஆனால் இடம் நோக்கிப் படித்தால் வியப்பே மிஞ்சும். அங்கே பேசப்படுபவன் இலட்சிய வீரன் அல்லன். விருந்துக்கு அழைத்த ஒரு கருமி. வாயால் உண்ணுங்கள் பருகுங்கள் என்று உபசரிக்கிறான். உள்ளத்திலோ ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குப் பார்க்கிறான். அவன் வாய்ச்சொல்லை நம்பாதே, உள்ளே இருப்பவனே உண்மையான அவன் என்று ஞானி எச்சரிக்கிறார். எபிரேய மூலத்தில் அத்தொடரே தெளிவற்றது; பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் இலத்தீன் மொழிபெயர்ப்பும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிச் செல்கின்றன. மறைநூல் பேராசிரியர்களுக்கு உரிய சிக்கல் இது என்று விட்டுவிடலாம்தான். எனினும் ஒன்றைக் குறித்துக்கொள்வது நலம். எண்ணத்தால் வாழ்வை ஆக்கிக்கொள்ளலாம் என்ற கொள்கைக்குச் சான்றாக நிறுத்தப்பட்ட தொடர், உண்மையில் எண்ணத்துக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள பிளவைப் பற்றியது.

வ.உ.சி. இத்தலைப்பை மொழிபெயர்க்கவில்லை, தமிழில் புதிதாகப் பெயர் சூட்டினார். மனம் போல மாங்கல்யம் என்று வாழ்த்தும் மரபு நம்முடையது. அந்த வாழ்த்தின் ஓசையிலேயே 'மனம் போல வாழ்வு' அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு விதிபோல் ஒலிப்பது தமிழில் ஆசிமொழி போல் ஒலிக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. விதி என்றால் விலக்கில்லை, நடந்தே தீர வேண்டும். ஆசிமொழியோ நடக்கட்டும் என்ற விருப்பம் மட்டுமே. அடுத்த நூலுக்கு அவர் வைத்த 'அகமே புறம்' என்ற பெயரைப் பாருங்கள். அகம், புறம் என்பவை தமிழ் இலக்கணத்தின் இரு கண்கள். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தவருக்கு அச்சொற்களின் கனம் தெரியாதிருக்க முடியாது. இத்தலைப்புகள் இரண்டும் அயல் சரக்கைத் தமிழ்ப் பாத்திரத்தில் பெய்து தருவதன்றி, அச்சரக்கின் சுவையையே சற்று மாற்றியும் தருகின்றன.

நூலின் இரண்டாம் இயலே நமக்குப் பெரிய தடை. சூழ்நிலை மனிதனை ஆக்குவதில்லை, அவன் யார் என்பதை அவனுக்கே காட்டிக்கொடுக்கிறது என்று ஆலன் அங்கே வாதிடுகிறார். மனிதன் தான் விரும்புவதை ஈர்ப்பதில்லை, தான் எதுவாக இருக்கிறானோ அதையே ஈர்க்கிறான் என்கிறார். துன்பம் எப்போதும் ஏதோ ஒரு வகையில் தவறான எண்ணத்தின் விளைவே என்றும் துணிகிறார். நேர்மையாளன் துன்புறுவதையும் வஞ்சகன் செழிப்பதையும் அவர் அறியாதவரல்லர். பிறன் உள்ளத்தை வெளித்தோற்றம் கொண்டு அளவிடக்கூடாது என்று எச்சரிக்கவும் செய்கிறார். இந்த நேர்மை அவரைப் பின்பற்றிய பலரிடம் இல்லை. ஆயினும் கொள்கையை அவர் தளர்த்தவில்லை. யோபுவின் நண்பர்கள் சாம்பல் மேட்டருகே அமர்ந்து பேசியதும் இதே வாதந்தான்: உனக்கு இது வந்தது என்றால் உன்னிடம் ஏதோ இருக்க வேண்டும். அந்த நூலின் முடிவில் கடிந்துகொள்ளப்படுபவர்கள் அந்நண்பர்களே என்பதை வாசக அன்பர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பதினைந்து வயதில் தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்த ஆலனிடமே, அது எந்தத் தவறான எண்ணத்தின் விளைவு என்று கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

இனி, மொழிபெயர்ப்பாளரின் வாழ்வை அவர் மொழிபெயர்த்த இயலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வ.உ.சி. வழக்கறிஞர், ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் தொழில் நடத்தியவர். கப்பல் தொழில் அவருக்குப் பரம்பரைத் தொழிலன்று. 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. கையில் கப்பல் இல்லை. ஆகவே முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்தனர். தூத்துக்குடி-கொழும்பு வழித்தடத்தில் ஏகபோகம் செலுத்தி வந்த பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனியின் நெருக்குதலால் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கினர். முதல் அடி இவ்வாறு சறுக்கியது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பல் அமர்த்தப்பட்டது. பிறர் கப்பலை நம்பினால் இப்படித்தான் முடியும் என்ற பாடத்தை அந்தச் சறுக்கலே கற்பித்தது. அதன்பின் வ.உ.சி. பம்பாய் சென்றார், 'காலியா', 'லாவோ' என்னும் சொந்தக் கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இறுதியில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிக் குடையும் பரிசளித்தது என்பார்கள்.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். மார்ச் 12ஆம் நாள் கைதானார். ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றம் இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைந்து, கோவையிலும் கண்ணனூரிலுமாகச் சிறையிருந்து, 1912 டிசம்பரில் வெளிவந்தார். அதற்கு முன்பே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமம் பிற்காலத்தில் மீண்டும் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். இன்று அந்நகரத் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயர் சூட்டப்பட்ட ஆண்டு 2011.

இரண்டாம் இயலின் தராசில் இவ்வாழ்வை நிறுத்தால் விடை என்னவாகும்? கம்பெனி மூழ்கியது வ.உ.சி.யின் எண்ணத்தில் இருந்த குறையால் என்றாகும். செக்கின் நுகத்தடியை அவருடைய மனமே ஈர்த்தது என்றாகும். இப்படிச் சொல்ல நம் நா எழாது. கட்டணப் போரும், அரசின் அடக்குமுறையும், தலைவரைச் சிறையிலடைத்ததும் கம்பெனியைக் கவிழ்த்த காரணங்கள் என்று வரலாறு சொல்கிறது. ஒரு மனிதனின் உள்ளத்தில் நிகழ்ந்தவை அல்ல அவை, அவன்மேல் நிகழ்த்தப்பட்டவை. ஆகவே 'மனம் போல வாழ்வு' என்னும் கொள்கைக்கு எதிரான வலிய சாட்சி, அந்நூலைத் தமிழில் தந்தவரின் வாழ்வே எனலாம்.

அப்படியானால் அவர் ஏன் அதை விரும்பினார்? தம் நிலைக்குத் தாமே காரணம் என்று நம்பும் அளவுக்கு அவர் வெள்ளை உள்ளம் படைத்தவரா? நாம் அப்படிக் கருதவில்லை. ஐந்தாம் இயலில் ஒரு பகுதி இவ்வினாவைத் திறக்கும் திறவுகோலாக நமக்குப் படுகிறது. கொடுங்கோலன் ஒருவன் இருப்பதால் பலர் அடிமைகளாயினர், ஆகவே அவனை வெறுப்போம் என்பது பொது வழக்கு. பலர் அடிமைகளாக இருப்பதால்தான் ஒருவன் கொடுங்கோலன் ஆனான், ஆகவே அடிமைகளை இகழ்வோம் என்பது சிலர் வாதம். இவ்விரண்டையும் எடுத்துரைத்துவிட்டு, ஒடுக்குபவனும் ஒடுக்கப்படுபவனும் அறியாமையில் கூட்டாளிகள் என்று ஆலன் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். லெஸ்டரில் பிறந்த ஆங்கிலேயர் இதை எழுதும்போது யாரை நினைத்திருந்தாரோ, நாம் அறியோம். ஆனால் ஆங்கில அரசால் சிறையிடப்பட்ட இந்தியர் ஒருவர் இவ்வரிகளைத் தமிழாக்கும்போது அவற்றின் பொருள் அப்படியே இருக்க முடியுமா? அடிமைத்தனத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பது இகழ்ச்சியாகவும் படலாம், விடுதலையின் வாசலாகவும் படலாம். நம் பங்கு இருப்பதால்தானே அதை நாம் விலக்கிக்கொள்ள முடியும்! அயலான் கப்பலில் ஏறாதே, அயலான் துணியை உடுத்தாதே என்ற சுதேசியத்தின் உள்ளுயிரே இதுதான். வ.உ.சி. ஆலனிடம் கண்டது செல்வம் சேர்க்கும் மந்திரத்தை அன்று என்பது நம் துணிபு. தன் கைக்கு எட்டும் பங்கு எது என்று தேடும் பழக்கத்தையே அவர் அங்கே கண்டிருக்க வேண்டும்.

சிறைவாசிக்கு அப்பங்கு மிகக் குறுகியது. உணவு அவன் தேர்வன்று, உடை அவன் தேர்வன்று, எப்போது எழுவது என்பதும் அவன் தேர்வன்று. மனம் ஒன்றே அவனுக்கு எஞ்சிய நிலம். வெளியிலிருப்பவர் மனமே எல்லாம் என்று சொன்னால், உலகத்தின் பாதியை மறந்து பேசுகிறார். எல்லாம் பறிக்கப்பட்டவர் அதையே சொன்னால், மிச்சமிருப்பதைக் காத்துக்கொள்கிறார். ஒரே வாக்கியந்தான். சொல்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது மெய்யாகவும் பொய்யாகவும் மாறுகிறது. தன்முன்னேற்ற நூல்களைத் திறனாயும்போது இவ்வுண்மையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நூலின் உச்சமென நாம் மதிப்பது நான்காம் இயலை. அது மிகச் சிறியது; ஆரவாரமற்றது. வாழ்வில் மைய நோக்கம் ஒன்று இல்லாதவனைச் சிறு கவலைகளும் அச்சங்களும் எளிதில் வீழ்த்தும் என்று தொடங்குகிறது. நோக்கத்தை அடைவதில் மீண்டும் மீண்டும் தோற்றாலும், அம்முயற்சியில் பெற்ற குண வலிமையே மெய்யான வெற்றியின் அளவு என்று தொடர்கிறது. பின்னர் வருவதுதான் பலரும் கடந்துபோகும் இடம். பெரிய நோக்கம் ஒன்றைப் பற்றிக்கொள்ள இன்னும் ஆயத்தமாகாதவர்கள் என்ன செய்வது? தம் முன் இருக்கும் கடமையை, அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், பழுதறச் செய்வதில் எண்ணத்தை நிறுத்தட்டும் என்கிறார் ஆலன். உடல் மெலிந்தவன் சிறுகச் சிறுகப் பயின்று வலிமை பெறுவதுபோல, மனம் மெலிந்தவனும் பயிற்சியால் வலிமை பெறுவான் என்று உவமையும் காட்டுகிறார்.

இங்கே முதல் அடி என்பது மலையுச்சியைப் பார்த்து எடுக்கும் சூளுரையன்று. காலடியில் கிடக்கும் வேலை. ஊக்கம் வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருப்போருக்கும் இதில் மறுமொழி உண்டு. ஊக்கம் முன்னே வந்து கதவைத் தட்டுவதில்லை. சிறிய வேலை ஒன்றைச் செம்மையாக முடித்த பின்பு அது மெல்ல வந்து உட்காருகிறது. சிறைக்குள் வ.உ.சி. செய்தவையும் அத்தகையனவே. 125 அதிகாரங்கள் கொண்ட 'மெய்யறம்' என்னும் அறநூல் சிறைக்குள் எழுதப்பட்டது; 1914இல் அச்சேறியது. கப்பல் கம்பெனியைச் சிறைக்குள்ளிருந்து காப்பாற்ற அவரால் இயலவில்லை. ஓர் அதிகாரத்தை எழுதி முடிக்க இயன்றது, அதைச் செய்தார்.

ஆலனை நாம் வள்ளுவரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விட முடியாது, வ.உ.சி.யே குறளுக்கு உரை கண்டவர். பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் 60 முதல் 63 வரையுள்ள நான்கு அதிகாரங்களைத் தொடர்ந்து படித்தால், ஒரு மனிதன் தொடங்குவதிலிருந்து தாங்குவது வரையுள்ள பாதை முழுதும் தெரியும். நீர் உயர உயரத் தாமரைத் தண்டும் உயர்வதைக் காட்டி, மனிதனின் உயரம் அவன் உள்ளத்தின் அளவு என்கிறார் வள்ளுவர். இவ்விடத்தில் அவர் ஆலனுக்கு நெருங்கிய உறவினர். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. உள்ளத்தின் உயரத்தைச் சொன்ன உடனே, அடுத்த அதிகாரத்தில் சோம்பலைப் பற்றிப் பேசுகிறார். குடிப்பெருமை என்னும் விளக்கு, சோம்பல் என்னும் மாசு படியப் படிய மங்கி அவிந்துபோகும் என்பது அவர் காட்டும் படிமம். நல்ல எண்ணம் இருந்தும் கை அசையாதவனை அவர் நன்கறிவார். தெய்வம் துணை செய்யாமற் போனாலும், உடல் வருந்திய அளவுக்கு முயற்சி தன் கூலியைத் தரும் என்று ஆள்வினையுடைமையில் சொல்கிறார். கூலி என்ற சொல்லின் அடக்கத்தைக் கவனியுங்கள். கேட்ட பரிசு கிடைக்கும் என்று அவர் வாக்களிக்கவில்லை. பாடுபட்டதற்குரிய கூலி கிடைக்கும் என்கிறார்.

அறத்துப்பாலோ ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடிகிறது. ஊழைவிட வலியது எது என்று அங்கே கேட்ட வள்ளுவரே, தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று ஆள்வினையுடைமையில் உரைக்கிறார். இது முரண்பாடு என்று வழக்காடுவோர் பலர். நமக்கு அது வள்ளுவரின் நேர்மையாகவே தோன்றுகிறது. மனிதனுக்கு அப்பாற்பட்டவை உண்டு என்று ஒப்புக்கொண்ட பின்னரே முயற்சியைப் போற்றுகிறார். ஆலனின் ஏட்டில் அந்த ஒப்புதல் இல்லை. பரிமேலழகர் இடுக்கணழியாமைக்குத் தரும் விளக்கம் இன்னும் கூர்மையானது. முயல்பவனுக்குத் துன்பம் தெய்வத்தால் வரலாம், பொருள் இல்லாமையால் வரலாம், உடல் வருத்தத்தால் வரலாம் என்று மூன்று வாயில்களை அவர் காட்டுகிறார். தவறான எண்ணம் என்னும் வாயில் அப்பட்டியலில் இல்லை! தேர்வில் தவறிவந்த இளைஞருக்கு இவ்வுரைப் பகுதி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுமோ? அறத்துப்பாலுக்கு வ.உ.சி. எழுதிய உரை 1935இல், அதாவது 'சாந்திக்கு மார்க்கம்' வெளிவந்த மறு ஆண்டில், வெளிவந்தது. ஆலனையும் ஊழையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார் அவர். ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில் நாம் கற்ற ஒரு நுட்பம் இங்கே நினைவுக்கு வருகிறது. மனத்திடம் என்னும் நற்பண்பை ஆராயும் புனித தோமா அக்குவினா, அதன் தலையாய செயல் எதிர்த்துத் தாக்குவதன்று, தாங்கி நிற்பதே என்று முடிவு செய்கிறார். காரணங்களும் தருகிறார். தாக்குபவன் தன்னை வலியவனாகக் கருதி இறங்குகிறான். தாங்குபவனோ தன்னிலும் வலியதன் முன் நிற்கிறான். தாக்குபவனுக்கு ஆபத்து இனி வரப்போவது, தாங்குபவனுக்கு வந்துவிட்டது. தாக்குவது ஒரு கணத்து வேகத்தில் முடியும்; தாங்குவதற்கு நெடுங்காலம் வேண்டும். முதல் அடியின் பெருமையைப் பாடும் நூல்கள் பெரும்பாலும் தாக்குதலின் மொழியில் பேசுகின்றன: பாய், உடை, வெல். நூறாவது அடிக்கு உரிய மொழி அவற்றில் அரிது. கப்பல் வாங்கப் பம்பாய் சென்ற வ.உ.சி.யை நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம், திரைப்படமாகவும் பார்த்தோம். உரிமம் இழந்து, ஊர் இழந்து, சென்னையில் அடுத்த மாத வாடகைக்கு வழி தேடியபடியே ஆலனின் இன்னொரு நூலைத் தமிழாக்கி அச்சிட்ட வ.உ.சி.யைப் பற்றி யார் பேசினார்கள்? நம் கணிப்பில் 1916ஆம் ஆண்டு வ.உ.சி., 1906ஆம் ஆண்டு வ.உ.சி.க்குச் சற்றும் குறைந்தவரல்லர்.

பிற்காலத் தமிழ் நூல்களைப் பற்றி விரிவாகப் பேச இங்கே இடமில்லை. அப்துற் றஹீமின் நூல்கள் இரண்டு தலைமுறை வாசகர்களுக்கு உலகப் பெரியோரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை அறிமுகம் செய்தன. எளிய நடையும் உண்மையான பரிவும் அவற்றின் பலம். எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களை உலுக்கியெழுப்பியது. அவர் எழுத்தோடு நில்லாமல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி ஊர்தோறும் சென்றவர். ஆகவே எண்ணம் செயலாக வேண்டும் என்று சொல்லும் தகுதி அவருக்கு உண்டு. அவர்களுக்குப் பின் வந்த வெள்ளத்தில்தான் நமக்கு மனத்தாங்கல். ஆலனின் ஆறாம் இயலிலிருந்து கனவை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் இயலிலிருந்து தீர்ப்பை எடுத்துக்கொண்டார்கள். நான்காம் இயலின் சிறிய கடமையையும் ஏழாம் இயலின் அமைதியையும் வழியிலேயே உதிர்த்துவிட்டார்கள். ஆலன் செல்வத்தை முடிவாக வைக்கவில்லை, அமைதியை வைத்தார். அவர் பெயரைச் சொல்லி விற்கப்படும் சில நூல்களில் கடைசி இயலாக வங்கிக் கணக்கே நிற்கிறது.

வ.உ.சி.யின் மொழிபெயர்ப்பு நடை இன்றைய இளைஞருக்குச் சற்றுக் கடினமே. நூறு ஆண்டுக்கு முந்திய உரைநடை, வடசொற்கள் மிகுந்தது, வாக்கியங்கள் நிதானமாக நடப்பவை. ஆனால் விரைந்து படிக்க ஒட்டாத அந்நிதானமே இவ்வகை நூலுக்கு ஒரு நன்மை என்போம். இளைஞர் மன்றங்களில் இதைக் கூடிப் படிக்க விரும்புவோர்க்கு ஒரு முறையைப் பரிந்துரைக்கிறோம். முதல் இயலில் தொடங்க வேண்டாம். நான்காம் இயலில் தொடங்குக. அதன்பின் ஆள்வினையுடைமையையும் இடுக்கணழியாமையையும் பரிமேலழகர் உரையோடு படித்துவிட்டு, ஐந்தாம் இயலுக்கு வருக. இரண்டாம் இயலைக் கடைசிக்கு வைத்துக்கொள்க. அதைப் படிக்கும் நாளில், வ.உ.சி. செய்யுளில் எழுதிய சுயசரிதையிலிருந்து கோவைச் சிறையைப் பற்றிய பகுதியையும் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும்.